கரும்பலகை ஓரத்துப் பெயர்ப் பட்டியல்

வாத்தியார் வராத பீரியடில் வகுப்புத் தலைவன் சாக்பீஸோடு கரும்பலகைக்குப் போவான். வலது ஓரத்தில் ஒரு கோடு கிழிப்பான். மேலே ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர்கள். ஒரு தடவை பேசினால் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. தலைவனின் நண்பன் எவ்வளவு கத்தினாலும் அவன் பெயர் மட்டும் வராது. ஒரு மிட்டாய் கைமாறினால் எழுதிய பெயர்கூட அழியும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நானும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தவன்தான். இப்போது ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன், 17 வருடமாக. அதில் முதல் பத்து வருடம் அந்தப் பட்டியலை நம்பித்தான் வகுப்பு நடத்தினேன். உள்ளே நுழைந்ததும் பலகையைப் பார்ப்பது, பெயர்களைக் கூப்பிடுவது, நிற்கவைப்பது, திட்டுவது. அதற்கே முதல் பத்து நிமிடம் போய்விடும்.

ஒருநாள் நுழையும்போது ஏழாம் வகுப்பில் ஒரே சத்தம். முத்து என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்பது பெருக்கல் குறி. அவன் பெஞ்சு மேல் ஏறி நின்று தலைவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். “டேய், பத்துடா! ஒண்ணு விட்டுட்ட, ஒழுங்கா எண்ணு!” வகுப்பே அவனோடு சேர்ந்து எண்ணியது.

அன்றைக்குத்தான் உறைத்தது. நான் தண்டனைப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு மார்க் லிஸ்ட். பாடத்தில் அவன் பத்து வாங்கியதே கிடையாது. இங்கே வாங்கிவிட்டான். அதுவும் எல்லாரும் பார்க்க.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். இரண்டு காலி சாக்பீஸ் டப்பாக்களை மேசையில் வைத்து, வீட்டிலிருந்து கொஞ்சம் புளியங்கொட்டை கொண்டுபோனேன். யாரையாவது திட்டினால், அதட்டினால் ஒரு கொட்டை இடது டப்பாவில். யாரிடமாவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் வலது டப்பாவில். பிள்ளைகளிடம் எதற்கென்று சொல்லவில்லை. சாயங்காலம் எண்ணியபோது இடதில் 34, வலதில் 5. அந்த ஐந்திலும் மூன்று ஒரே பெண்ணுக்கு. எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள் அவள். மீதிப் பிள்ளைகள் என் வாயிலிருந்து தங்கள் பெயரைக் கேட்க வேண்டுமென்றால் ஏதாவது சேட்டை செய்தால்தான் உண்டு என்ற நிலை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1968-இல் அமெரிக்காவில் ஒரு முதல் வகுப்பில் பார்த்திருக்கிறார்கள்: டீச்சர்கள் ‘உட்காரு, உட்காரு’ என்று அதிகமாகச் சொல்லச் சொல்ல, எழுந்து திரிகிற பிள்ளைகள் கூடினார்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பாராட்டியபோது எழுவது குறைந்தது. அதே வருடம் அதே ஆய்வாளர்களில் சிலர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்ததால் பெரிதாக எதுவும் மாறவில்லை. சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைக் கவனித்துச் சொன்னபோதுதான் வகுப்பு அடங்கியது.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: “அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாதுன்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா?” 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிரம்பைப் பிடுங்கிய வேகத்தில் பதிலுக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை என்பதுதான் நம் ஆசிரியர்களின் ஆதங்கம். அதில் நியாயம் இருக்கிறது. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒடித்தால் முருங்கை துளிர்க்கும், சரி. முத்து ஆறு வருடமாக அடி வாங்கித்தான் ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தான்.

முதலில் என் வாயைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ‘வெரி குட்’ என்பதை நான் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி பயன்படுத்திக்கொண்டிருந்தேன். எதற்கு வெரி குட் என்று எனக்கே தெரியாது, பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இப்போது பார்த்ததை அப்படியே சொல்கிறேன். “பேனா இல்லாதவனுக்கு உன் பேனாவைக் கொடுத்துட்டு நீ பென்சில்ல எழுதின, பார்த்தேன்.” “நேத்து பாதியில விட்ட படத்தை இன்னைக்கு முடிச்சிட்ட.” இவ்வளவுதான். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன் என்றெல்லாம் பட்டம் கட்டுவதில்லை. செய்த காரியத்துக்குப் பெயர் சொன்னால் அதை மறுநாளும் செய்யலாம். கெட்டிக்காரன் என்று சொன்னால் மறுநாள் என்ன செய்வான் பாவம்?

இன்னொன்று, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் புகழாதீர்கள். கூச்சத்தில் நெளிவார்கள்; இடைவேளையில் மற்றவர்கள் ஓட்டியே கொன்றுவிடுவார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது குனிந்து மெதுவாகச் சொன்னால் போதும். ‘அவளைப் பார்த்துக் கத்துக்கோ’ என்பது அதைவிட மோசம். யாரைப் பார்க்கச் சொன்னோமோ அவளுக்கு அந்த நிமிடமே ஓர் எதிரியைச் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறோம்.

நடுவில் நான் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். உற்சாகத்தில் ஸ்டார் ஒட்டும் சார்ட் ஒன்று மாட்டினேன். பத்து ஸ்டாருக்கு ஒரு பேனா. முதல் இரண்டு வாரம் வகுப்பு கோயில் மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் ஒருத்தன் கீழே கிடந்த காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “சார், ஸ்டார்?” நான்காவது வாரம், குப்பையை அவனே போட்டு அவனே எடுப்பதாகப் புகார் வந்தது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வு இதோடு ஒத்துப்போகும்: படம் வரைய ஆசைப்படும் நர்சரிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, வரைந்த பிறகு கொடுத்தார்கள். பிற்பாடு அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் இருந்த ஆர்வமே குறைந்துபோனது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. சார்ட்டைக் கழற்றினேன். மிச்சப் பேனாக்கள் இன்னும் என் மேசை அறையில் இருக்கின்றன.

எதுவுமே தராமல் வேலை செய்தது ஒன்று உண்டு, பழக்கிவிடுவது. சத்துணவு நேரத்தில் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். நாங்களும் தினமும் கத்துவோம். எப்படிப் போக வேண்டும் என்று ஒருநாள்கூட நாங்கள் செய்து காட்டியதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு திங்கட்கிழமை, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால், சாப்பாடே இல்லாமல் வெறும் தட்டோடு ஒத்திகை பார்த்தோம். தட்டு மார்போடு, கை கழுவுகிற வரிசை இடது பக்கம், தண்ணீர் சிந்தினால் அங்கேயே நின்று துடைப்பது. நாலு தடவை போய் வந்தார்கள், ஒரே சிரிப்பு. அந்த வாரத்துக்குப் பிறகு கத்தவேண்டிய தேவை பாதியாகிவிட்டது. லீவு முடிந்து வந்தால் மறுபடி ஒத்திகை போட வேண்டியிருக்கும். போடுவோம்.

கண்டுகொள்ளாமல் விடுவது சின்னச் சேட்டைக்கு மட்டும். ஒரு பிள்ளை இன்னொன்றை அடித்தாலோ, சாதியைச் சொல்லியோ உடம்பைச் சொல்லியோ கிண்டல் செய்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதேபோல, கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென்று முரடாகவோ ஊமையாகவோ மாறினால் பாராட்டு அங்கே மருந்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

கரும்பலகைப் பட்டியலை நான் நிறுத்தவில்லை, தலைப்பை மாற்றினேன். ‘இன்று கண்ணில் பட்டது.’ யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் நாள் எழுதியது: ‘மணி தூங்கவில்லை.’ ஒரு வாரம் இப்படியே கேலியாகப் போனது. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலையில் இருந்தது: ‘குழாயை யாரோ மூடியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை.’ மூடியது முத்து என்று சத்துணவு அக்கா சொன்னார்.

அதை அவன் வீட்டில் சொல்ல ஆசைப்பட்டேன். “நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாடா” என்றேன். பழக்க தோஷம். ராத்திரியெல்லாம் அவன் என்ன பாடுபட்டானோ. மறுநாள் அவன் அம்மா சித்தாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரிங்க சார். அப்புறம் என்ன தப்பு பண்ணான்?” என்றார். தப்பு எதுவும் இல்லை, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். நல்ல சேதி சொல்வதற்காக ஒரு நாள் கூலியைக் கெடுத்திருக்கிறேன் என்பது அவர் படியிறங்கிப் போகும்போதுதான் தோன்றியது.

அதிலிருந்து போன்தான், அதுவும் ராத்திரி ஏழு மணிக்குமேல். வாரத்துக்கு மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முதல் வார்த்தை “என்ன பண்ணான் சார்?” அல்லது “என்ன பண்ணா சார்?” போன மாதம் மறுபடி முத்து வீட்டு முறை வந்தது. ஆய்வகத்தில் உடைந்த சோதனைக்குழாயை மறைக்காமல் கொண்டுவந்து கொடுத்தான், பொய் சொல்லவில்லை என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஒரு நிமிஷம் இருங்க சார். ஸ்பீக்கர்ல போடறேன், அவங்கப்பாவும் இருக்காரு. இன்னொரு தடவ சொல்லுங்க.”