இரண்டு லினக்ஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்குமா?

முன்பு நான் கவனித்துவந்த ஓர் இடத்தில் முதன்மை சர்வரில் டெபியனும், மாற்று சர்வரில் ரெட் ஹாட் வழிவந்த ஒரு லினக்ஸும் போட்டு வைத்திருந்தேன். ஒன்றில் ஓட்டை விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்பது என் கணக்கு. 2022 ஜனவரியில் லினக்ஸில் அனுமதிகளைக் கையாளும் போல்கிட் மென்பொருளின் பிகேஎக்ஸெக் நிரலில் ஒரு ஓட்டை வெளிவந்தது. சாதாரணப் பயனர்கூட முழு அதிகாரமுள்ள ரூட் ஆகிவிடலாம். 2009 முதலே அதில் இருந்த பிழை அது. என் இரண்டு சர்வரிலும் அதே நிரல்தான் இருந்தது. திருத்தம் (பேட்ச்) வரும்வரை இரண்டிலும், யார் ஓட்டினாலும் அதை ரூட் அதிகாரத்தில் ஓடவைக்கும் செட்யுஐடி அனுமதியைக் கையால் எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

லினக்ஸ் வகைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுவது ஒரே கெர்னல் (மையக்கரு), ஒரே ஜிலிப்சி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் அடிப்படை சி லைப்ரரி), ஒரே சிஸ்டம்டி (தொடக்க மென்பொருள்). 2010-இல் தொடங்கிய சிஸ்டம்டி, 2011-இல் ஃபெடோராவுக்கும் 2015-இல் டெபியன், உபுண்டுவுக்கும் வந்துவிட்டது. கணினியைத் தொடங்கிவைப்பதோடு லாக், லாகின், சாதன மேலாண்மை எல்லாமே இன்று அதன் கையில். நான் இதற்கு எதிரி இல்லை. ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனித்தனித் தொடக்க ஸ்கிரிப்ட் எழுதி அல்லாடிய காலம் நினைவிருக்கிறது. இப்போது சேவையை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஒரே யூனிட் கோப்பு எங்கேயும் ஓடுகிறது. ஆனால் பொதுவாகிப்போன பாகம் எதையெல்லாம் கூடவே இழுத்துவருகிறது என்று நாம் பார்ப்பதில்லை.

2024-இல் நடந்ததைப் பாருங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கல் மென்பொருளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை, எஸ்எஸ்எச் சேவை ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக அதன் லைப்ரரியை உள்ளே சேர்த்திருந்தன. அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியையும் இழுத்து வந்தது. எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் ஒரே ஒரு தன்னார்வலர். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவி, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதை விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுவதற்குள் பிடிபட்டது.

அந்த ‘நான் தயார்’ செய்தி உண்மையில் ஒரு சாக்கெட்டுக்கு (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) அனுப்பும் ஒற்றை வரி. லைப்ரரியே தேவையில்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8, அதைத் தானே செய்துகொண்டது.

உங்கள் சர்வரில் எஸ்எஸ்எச் சேவையின் நிரல்கோப்பை எல்டிடி கட்டளையால் ஒருமுறை பாருங்கள். அது எந்தெந்த லைப்ரரிகளை ஏற்றிக்கொள்கிறது என்று வரிசையாகக் காட்டும். நம்பமுடியாத நிரலில் மட்டும் எல்டிடி போடாதீர்கள், அது அந்த நிரலையே ஓட்டிவிடக்கூடும்.

சரி, வேறு அடித்தளத்துக்கே போனால்? ஆல்பைன் என்ற லினக்ஸில் ஜிலிப்சி, சிஸ்டம்டி இரண்டும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக முறையே மசில், ஓபன்ஆர்சி இருக்கின்றன. உண்மையான மாற்று வேண்டுமென்றால் நான் அந்தப் பக்கம்தான் போவேன். ஆனால் உங்கள் மென்பொருளை மசிலில் ஓட்டிச் சோதிக்க நாள் ஒதுக்க வேண்டும். அங்கேயும் எக்ஸ்இசட் உண்டு. அதனால் இப்போதெல்லாம் என் சர்வர் பட்டியலில் லினக்ஸின் பெயருக்குப் பக்கத்தில் சி லைப்ரரி, தொடக்க மென்பொருள், குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல், எக்ஸ்இசட் ஆகியவற்றின் பதிப்பையும் குறித்து வைக்கிறேன். புது ஓட்டைச் செய்தி வந்தால் முதலில் பார்ப்பது அந்த நான்கு கட்டங்களைத்தான்.