புல்லியிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மேலாளர் ஒருவர் ஒரே ஆளைக் குறிவைத்து மாதக்கணக்கில் மட்டம் தட்டுகிறார். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார். தேவையான தகவலைத் தராமலே விட்டுவிட்டு, அப்புறம் "இதுகூடத் தெரியாதா?" என்கிறார். முடிக்கவே முடியாத கெடு வைக்கிறார். இதைத்தான் புல்லியிங் என்கிறோம்.

சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. 1500-களின் ஆங்கிலத்தில் 'புல்லி' என்பது அன்பே, கண்ணே போல ஒரு கொஞ்சல் மொழி. காதலரைக் குறித்த டச்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். பிறகு 'நல்ல தோழன்' என்றானது, அடுத்து வாய்ச்சவடால்காரன் ஆனது. 1600-களின் முடிவுக்குள் எளியவரை மிரட்டுகிறவனுக்குப் பெயராகிவிட்டது. (தமிழிலும் 'புல்லி' என்றால் 'தழுவி' என்று பொருள். வெறும் ஒலி ஒற்றுமைதான். யாரும் வேர் தேடிக் கிளம்பிவிட வேண்டாம்!)

வேலையிடத்தில் நடக்கும் இந்தக் கொடுமையை 1980-களில் சுவீடனில் ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் ஓர் அளவுகோல் வைத்தார்: வாரம் ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம். அளவு சரியா என்பதில் வாதம் உண்டு. ஆனால் ஒருநாள் கோபம் வேறு, இது வேறு என்பதை அது தெளிவாக்கியது.

தமிழுக்கு வருவோம். 'மிரட்டல்' ஒரு செயலோடு முடிந்துவிடும். 'கொடுமைப்படுத்துதல்' என்றதும் மனம் வீட்டுக்குள் போய்விடுகிறது. 'துன்புறுத்தல்' ஏற்கெனவே பாலியல் துன்புறுத்தலோடு ஒட்டிக்கொண்டது. பழைய தமிழில் கச்சிதமான சொல் இருந்தது. குடிகளை 'அலை மேற்கொண்டு' நடக்கும் வேந்தன் கொலைகாரனைவிடக் கொடியவன் என்கிறது குறள் (551). அங்கே அலை என்றால் வருத்துதல். இன்று 'அலைப்பு' என்றால் யாருக்குப் புரியும்? கடலைத்தான் நினைப்பார்கள்.

ராகிங்குக்குப் 'பகடிவதை' என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. அதே அச்சில் 'பணியிட வதை' என்று பொதுவாகவும், மேலதிகாரி செய்தால் 'அதிகார வதை' என்றும் சொல்லலாம் என்பது என் கட்சி. ஜப்பானியர்களும் அதிகாரத்தை முன்வைத்தே 'பவா ஹரா' ('பவர் ஹராஸ்மென்ட்' என்பதன் சுருக்கம்) என்கிறார்கள்.

நல்ல நிறுவனங்களில்தான் இந்தச் சொல் அதிகம் தேவைப்படுகிறது. சம்பளம் சரியாக வருகிறது, லீவு கிடைக்கிறது, சக ஊழியர்கள் தங்கமானவர்கள். அங்கே ஒருவர் வாய் திறந்தால் "அவர் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். பாதிக்கப்பட்டவரும் குறை தன்னிடம்தானோ என்று குழம்பிப்போவார். ஸ்ட்ரிக்ட் என்பதற்குக் 'கண்டிப்பு' என்ற சொல் இருக்கிறது. கண்டிப்பு வேலையைப் பற்றியது, எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும். வதை ஆளைப் பற்றியது. புகார் எழுதும்போது "மேலாளர் கடுமையாக நடக்கிறார்" என்பதற்குப் பதிலாக "அதிகார வதை" என்று எழுதி, கீழே தேதிவாரியாக நடந்ததை அடுக்கினால், அதை வெறும் ஸ்ட்ரிக்ட் என்று தள்ளிவிடுவது கஷ்டம்.