கைவலிக்காக சுவிட்ச் மாற்றுகிறவர்களுக்கு

கை, மணிக்கட்டு வலிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவராக, அண்மைக் காலத்தில் நான் கேட்டுச் சலித்துவிட்ட கேள்வி ஒன்று உண்டு: "மெக்கானிக்கல் கீபோர்டில் சிவப்பு சுவிட்ச் கைக்கு நல்லதா, பழுப்பு நல்லதா?" மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனித்தனி சுவிட்ச் இருக்கும், அதன் வகையை நிறத்தின் பெயரால் சொல்வார்கள். கேட்பவர் பெரும்பாலும் விரல்கள் மரத்துப்போகின்றன என்று சொல்லி வந்தவராகவே இருப்பார். எப்போதிருந்து என்று விசாரித்தால், கருப்பு சுவிட்சில் தொடங்கியது, நீலத்துக்கு மாறியும் குறையவில்லை, இப்போது சிவப்பு என்று தன் கீபோர்டுகளின் கதையைச் சொல்வார். அந்தக் கதை நீண்டுகொண்டிருந்த காலமெல்லாம் நரம்பு நசுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியாக வந்தவருக்குக் கட்டைவிரலின் பிடியே தளர்ந்துவிட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சுவிட்சுகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. செரி என்ற நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் வரிசையில் சிவப்பும் கருப்பும் லீனியர் வகை. மேலிருந்து கீழ்வரை தடங்கலின்றி வழுக்கிச் செல்லும். சிவப்பில் 45 சென்டிநியூட்டன் (ஒரு சென்டிநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிராம் எடை) பலத்தில் அழுத்தினால் எழுத்து பதிவாகும், கருப்புக்கு 60 வேண்டும். பழுப்பில் பாதி வழியில் ஒரு சிறு புடைப்பு விரலில் தட்டுப்படும். வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. நீலத்தில் புடைப்பும் தெளிவு, கிளிக் ஓசையும் தெளிவு. ஆனால் அதே எழுத்தை மீண்டும் அடிக்க விசையைச் சற்றுக் கூடுதலாக மேலே வர விட வேண்டும். இவற்றில் எது பிடிக்கிறது என்பது அவரவர் விரலின் ருசி. அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள் என்பேன். நிறங்களுக்குப் பொதுவான தரநிலை ஏதும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மஞ்சளோ வெள்ளியோ இன்னொரு நிறுவனத்தில் வேறொன்றாக இருக்கும்.

என்னை மிகவும் வருத்துவது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் குறைந்தால் கையின் உழைப்பும் அதே அளவுக்குக் குறையும் என்ற நம்பிக்கை. அந்த 45 என்பது எழுத்து பதிவாகும் புள்ளியில் தேவைப்படும் பலம் மட்டுமே. சிவப்பு சுவிட்சில் அந்தப் புள்ளி 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. விசை மொத்தம் இறங்குவதோ 4 மில்லிமீட்டர். மீதித் தொலைவு முழுவதும் ஸ்பிரிங் மேலும் மேலும் எதிர்க்கும், அடித்தட்டில் மோதும்போது விரல் நிற்பது ஸ்பிரிங்கால் அன்று, கெட்டியான பிளாஸ்டிக்கால். நாம் தட்டச்சு செய்யும்போது எழுத்து பதிவான இடத்திலேயே விரலை நிறுத்துவதில்லை. ஏறக்குறைய எல்லோரும் அடிவரை இடிக்கிறோம், அதுவும் தேவைப்படும் பலத்தைப் போல் பல மடங்கில். ஓங்கி அடிக்கும் பழக்கமுள்ளவருக்கு இலகுவான சுவிட்சைக் கொடுத்தால், வழியில் தடுக்க ஒன்றும் இல்லாததால் மோதல் இன்னும் பலமாகலாம். ஆகவே, கை படும் பாட்டை அந்த எண்ணை வைத்து அளக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. செரியின் ஸ்பீடு சில்வர் சுவிட்ச் 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். விரலைச் சற்று இளைப்பாற வைத்தாலே எழுத்து விழுந்துவிடுவதால், அதைப் பயன்படுத்துகிறவர்கள் தம்மை அறியாமலேயே விரல்களை விசைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். தன் கீபோர்டை எடுத்து வந்த ஒருவரை என் மேசையிலேயே தட்டச்சு செய்யச் சொல்லிப் பார்த்தேன். யோசிப்பதற்காக அவர் நிறுத்திய வேளையிலும் புறங்கையின் தசைநாண்கள் கயிறுபோல் விறைத்து நின்றன. முழங்கைக்குக் கீழே முன்கையின் வெளிப்புறத்தை லேசாக அழுத்தியதுமே முகம் சுளித்தார். அவருக்கு வலித்தது அடிப்பதால் அன்று, அடிக்காமல் காத்திருப்பதால். சற்றுக் கனமான சுவிட்சுக்கு மாறி, விரல்களை விசைகளின் மேல் தயங்காமல் வைக்கப் பழகியதும் அவருக்கு வலி தணிந்தது. அதற்காகக் கனமான சுவிட்ச் எல்லோருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷிப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சுண்டுவிரலாலேயே அழுத்துகிறவருக்குக் கருப்பு சுவிட்ச் வேறொரு தொல்லையாக முடியலாம்.

கீபோர்டின் பின்புறம் இருக்கும் மடக்குக் கால்களை இன்றே மடக்கிவிடுங்கள். மெக்கானிக்கல் கீபோர்டுகள் ஏற்கெனவே உயரமானவை; அவற்றைப் பின்னால் இன்னும் தூக்கினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து, உள்ளே நரம்புக்கு இருக்கும் இடம் குறுகும். மணிக்கட்டுத் தாங்கி வைத்திருந்தால், அடிக்கும்போது அதில் கையை ஊன்றாதீர்கள். நிறுத்தி இளைப்பாறும்போது மட்டும் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். முழங்கை விசைகளின் மட்டத்தில் இருக்கட்டும். அடித்தட்டில் மோதும் உணர்வு உறுத்தினால், விசைகளின் மேல்மூடிகளான கீகேப்புகளுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டால் போதும். புதுக் கீபோர்டு தேவையில்லை. கடையில் ஒற்றைச் சுவிட்சை ஒற்றை விரலால் பத்து முறை அழுத்திப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முழுக் கீபோர்டில் ஒரு பக்கமாவது அடித்துப் பாருங்கள். கை ஏற்கெனவே வலிக்கிறது என்றால், தயவுசெய்து சுவிட்சைத் தேடுவதற்கு முன்பு கையைக் காட்டுங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மீடியன் நரம்பு மணிக்கட்டில் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் பரிசோதிக்க வேண்டியது, சுண்டுவிரல் பக்கமாக வரும் அல்நார் நரம்பை. இந்தக் கட்டத்தில் வருகிறவர்களில் பலருக்குத் தூங்கும்போது அணியும் மணிக்கட்டுப் பட்டையும் சில பயிற்சிகளுமே போதுமானவையாக இருக்கின்றன. பட்டன் போடத் தடுமாறுவதும், பொருள்கள் கைநழுவுவதும், கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றத் தொடங்குவதும் அடுத்த கட்டம். அப்போது நேராக மருத்துவரிடம் செல்லுங்கள். வற்றிய தசை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை.