ஆராதனையில் பாடலாம், யூடியூபில் போடலாமா?

"ஆராதனையிலதானே பாடினோம் சார், டிக்கெட் போட்டா வித்தோம்?" யூடியூபிலிருந்து காப்பிரைட் அறிவிப்பு வந்த கிறிஸ்தவ சபைகள் என்னை அழைக்கும்போது பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். 2020 ஊரடங்கில் கேமரா வாங்கிய சபைகள் நேரலையை அப்புறமும் விடவில்லை. இந்தக் கேள்வியும் விடவில்லை.

பாடியதில் ஒரு தவறும் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(இசட்ஏ), உண்மையான மதச் சடங்கின்போது ஒரு பாட்டைப் பாடுவதும், பதிவான பாட்டை ஒலிக்கவிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. ஞாயிறு ஆராதனை, திருவிருந்து, அடக்க ஆராதனை எல்லாமே இதற்குள் அடங்கும். கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும்கூட அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அப்படியிருந்தும் கல்யாண வீடுகளில் ராயல்டி கேட்பதாகப் புகார்கள் வந்ததால், பதிப்புரிமையைக் கவனிக்கும் மத்திய அரசின் டிபிஐஐடி துறை 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்திப் பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

சிக்கல் பாட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. அந்தப் பிரிவு பாடுவதற்கும் ஒலிக்கவிடுவதற்கும்தான் விலக்கு தருகிறது, அச்சடிப்பதற்குத் தரவில்லை. சட்டத்தின் கண்ணில் பாடல் வரிகளைக் கணினியில் சேமித்து வைப்பதும் நகலெடுப்பதுதான். ஆக, திரையில் காட்டும் பிபிடியும் (பவர்பாயிண்ட்) கண்டிப்பாகப் பார்த்தால் அனுமதி தேவைப்படுகிற விஷயம். பிபிடிக்காக ஒரு சபை மீது வழக்கு வந்து நான் பார்த்ததில்லை. புத்தகம் அப்படியல்ல. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு புத்தகம் போடுவோம் என்று கமிட்டி முடிவெடுக்கும். வேறு நாலு புத்தகங்களிலிருந்து பாடல்களை எடுத்து டைப் செய்வார்கள். எழுதியவர் பெயர் முதல் பதிப்பிலேயே உதிர்ந்துவிடும். அடுத்த சபை இந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கும்போது யார் எழுதியது என்று யாருக்குமே தெரியாது. இலவசமாகத்தான் கொடுத்தோம் என்பது பதில் ஆகாது. தன் படைப்புக்குத் தன் பெயர் கேட்கும் உரிமை, பாட்டை வேறொருவருக்கு விற்றுவிட்ட ஆசிரியருக்கும் உண்டு. அது பிரிவு 57.

பழைய கீர்த்தனைகள் என்றால் கவலை இல்லை. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கிட வேண்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மறைந்தது 1864இல்; அவருடைய பாடல்களை யாரும் அச்சிடலாம், பாடலாம், பதிவும் செய்யலாம். 1970இல் இறந்த ஒருவரின் பாட்டுக்கு 2030 முடியக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கிறது, அதுவும் வெளியான ஆண்டை வைத்து 60 வருஷம். அதே கீர்த்தனையை உங்கள் பாடகர் குழுவே பாடி வீடியோ போடலாம். போன வருஷம் யாரோ வெளியிட்ட ஆல்பத்தின் இசையைப் பின்னணியில் ஓடவிட்டால் கிளெய்ம், அதாவது இது எங்களுடையது என்ற உரிமைக் கோரல், வரத்தான் செய்யும். பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த பாமாலைகளிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மூலப் பாட்டு பதினெட்டாம் நூற்றாண்டாக இருக்கலாம், தமிழில் பெயர்த்தவர் நேற்றுவரை இருந்தவராக இருக்கலாம்.

வாலிபர்கள் செய்வது இன்னொன்று. புதிதாக வந்த ஆங்கில ஆராதனைப் பாடலைத் தமிழாக்கி, ரெக்கார்டு செய்து, கீழே மூல ஆசிரியர் பெயரையும் மரியாதையாகப் போடுவார்கள். மொழிபெயர்க்கும் உரிமை மூல உரிமையாளருடையது. பெயர் போட்டது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது. விபிஎஸ்ஸுக்காக (பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி) சினிமா மெட்டில் வரி கட்டிப் புத்தகமும் வீடியோவும் போடுகிறவர்களுக்கும் இதேதான்: வரி உங்களுடையது, மெட்டு உங்களுடையது அல்ல.

சரி, நேரலை? சட்டம் "பொதுமக்களுக்குத் தெரிவித்தல்" என்பதையும் விலக்கில் சேர்த்திருப்பதால், ஆராதனை நடக்கும் நேரத்து ஒளிபரப்பும் அதில் அடங்கும் என்று வாதிட இடம் இருக்கிறது. தேவைப்பட்டால் நானே வாதிடுவேன். ஆனால் சானலில் மாதக்கணக்கில் கிடக்கிற, விளம்பரம் ஓடுகிற வீடியோவைச் சடங்கின் பகுதி என்று சொல்வது கஷ்டம். தவிர, பதிவுகளைத் தானாக ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி ஒரு இயந்திரம், பிரிவு 52 எல்லாம் அதற்குத் தெரியாது. அது போடும் கிளெய்மால் பெரும்பாலும் விளம்பர வருமானம்தான் வேறு பக்கம் போகும். உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லி வரும் ஸ்ட்ரைக் வேறு ரகம். 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சானலே போய்விடலாம். உங்கள் குழு பாடிய பழைய கீர்த்தனைக்கு கிளெய்ம் வந்தால் பயப்படாமல் மறுப்பு தெரிவியுங்கள், எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். மற்றபடி நான் சொல்வது: நேரலை முடிந்ததும் பிரசங்கத்தை மட்டும் சானலில் விடுங்கள், பாடல் பகுதியை வெட்டிவிடுங்கள். மீடியா டீம் முகம் சுளிக்கத்தான் செய்யும்.

"சிசிஎல்ஐ எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதா?" என்று வெளிநாட்டில் உறவினர் உள்ள கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். சபைப் பாடல்களுக்கு லைசென்ஸ் தர அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய உரிம நிறுவனம் அது. சபையின் அளவைப் பொறுத்துக் கட்டணம். திரையில் பாடல் வரிகளுக்குக் கீழே தெரியும் எண் அதன் லைசென்ஸ் எண். ஆராதனையில் பாடுவதற்கு அமெரிக்கச் சட்டத்திலும் விலக்கு உண்டு, இந்த லைசென்ஸ் வரிகளை நகலெடுக்கவும் திரையில் காட்டவும்தான். நேரலைக்குத் தனி லைசென்ஸ். அதன் பட்டியலில் உள்ள பாடல்களுக்கு மட்டுமே அது செல்லும் என்பதால், நீங்கள் பாடும் தமிழ்ப் பாடல்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டிக்கெட் போட்டு நடத்தும் இசை மாலை சடங்கு ஆகாது. தொழில்முறைக் குழுவை அழைத்தால் ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமைச் சங்கத்திடம் லைசென்ஸ் பற்றிக் கேட்டாக வேண்டும். சபையின் சொந்த, சம்பளம் வாங்காத பாடகர் குழு கட்டட நிதிக்காகப் பாடினால் அதற்குத் தனி விலக்கு உண்டு, பிரிவு 52(1)(எல்).

மிச்சத்துக்கெல்லாம் பாடலாசிரியருக்கு எழுதிக் கேட்பதுதான் வழி. ஊழியக்காரர்கள் எழுதிய பாடல்களுக்குச் சம்மதம் சுலபமாகவே கிடைக்கிறது. பெயரைப் போடுங்கள், வரியை மாற்றாதீர்கள், அவ்வளவுதான் பலர் கேட்பது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 30. மின்னஞ்சல் போதும், போனில் "தாராளமா பாடுங்க ஐயா" என்றது போதாது. எந்தப் பாட்டு, எத்தனை பிரதி, யூடியூப் உண்டா, விளம்பர வருமானம் உண்டா, எத்தனை காலம் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். உரிமையை ஏதாவது கேசட் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள், கொடுத்திருந்தால் அவருடைய சம்மதம் செல்லாது. வந்த பதிலை அச்செடுத்துச் சபைக் கோப்பில் போடுங்கள். செயலரின் சொந்த மின்னஞ்சலில் கிடந்தால், அடுத்த தேர்தலில் அவர் மாறும்போது அதுவும் போய்விடும்.