ஊட்டி உருளைக்கிழங்கில் கலர் போட்டோ எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கிழங்கு மட்டும் போதாது.

பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் என்ற கலர் போட்டோத் தகட்டில் நிறத்தைப் பிரித்தது சாதாரண உருளைக்கிழங்கு மாவுதான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மாவு மணிகளைப் பிரித்தெடுத்து, ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, நீல ஊதா என்று தனித்தனியாகச் சாயமேற்றி, பிறகு ஒன்றாகக் கலந்து, பசை தடவிய கண்ணாடியில் ஒற்றை அடுக்காகத் தூவினார்கள். இடைவெளிகளில் கரித்தூள், அதன் மேல் வார்னிஷ், கடைசியாகக் கருப்பு வெள்ளை எமல்ஷன், அதாவது ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்புப் பூச்சு.

ரோஜாப் பூங்காவில் ஒரு சிவப்பு ரோஜாவை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பூவின் ஒளி மாவைக் கடந்துதான் எமல்ஷனுக்குப் போக வேண்டும். சிவப்பு மணிகள் மட்டும் அதை உள்ளே விடும். அவற்றுக்குப் பின்னால் உள்ள வெள்ளி உப்பு டெவலப் செய்ததும் கறுக்கும். அந்தக் கறுப்பைக் கரைத்துவிட்டு, மிச்ச உப்பை வெளிச்சம் காட்டி மறுபடி டெவலப் செய்தால் பச்சை, நீல மணிகளின் பின்னால் கறுப்பு அடைத்துக்கொள்ளும், சிவப்பு மணிகள் மட்டும் திறந்திருக்கும். தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ரோஜா சிவப்பாகத் தெரியும். நல்ல வெயிலிலேயே ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும் வேலை இது. காற்றில் ஆடும் யூகலிப்டஸ் மரமெல்லாம் பச்சைப் புகைதான்!

சரி, இன்று செய்து பார்க்க என்ன தடை? முதலில் வார்னிஷ். தடிமனாகிவிட்டால் மணிக்கும் அதன் உப்புக்கும் நடுவே விலகல் வந்து நிறம் பக்கத்துக்குத் தாவும். ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் இறங்கிப் பச்சைச் சாயம் கசியும். பழைய தகடுகளில் காணும் பச்சைப் புள்ளிகள் அப்படி வந்தவைதான். அப்புறம் எமல்ஷன், அதுதான் பெரிய தலைவலி. வெள்ளி உப்பு இயல்பாக நீலத்துக்குத்தான் மசியும், அதனால் பச்சையும் சிவப்பும் பதிய வேறு சாயங்கள் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் இருட்டறையின் சிவப்பு விளக்குகூட ஆகாது; கும்மிருட்டில் தூசி விழாமல் சீராகப் பூச வேண்டும். அப்படிப் பூசத் தெரிந்தவர்கள் ஊட்டியிலேயே இருந்தார்கள். 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இந்து நகரில்தான் இருந்தது. அது மூடிவிட்டது, கிழங்கு மட்டும் இன்னும் மார்க்கெட்டுக்கு வருகிறது.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு 1861இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் காட்டிய வழி இருக்கிறது: ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீல பில்டர்கள் வழியே மூன்று கருப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. இன்றைய பிலிமே போதும். தொட்டபெட்டாவில் எடுத்தால் மூன்று படத்துக்குள் மேகம் நகர்ந்துவிடும், அதன் ஓரமெல்லாம் வானவில் நிறத்தில் வரும், எனக்கு அது பிடிக்கும்.