பட்ஜெட்டில் ஆம்புலன்ஸ் இருக்கிறது, அது போகும் சாலை யார் கணக்கில்?

ஒவ்வோர் அக்டோபரிலும் மலேசிய வரவு செலவுத் திட்டம் தாக்கலானதும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு சூடு பிடிக்கும். பெட்ரோல் மானியம், உதவித் தொகை, அரசு ஊழியருக்கு என்ன கிடைத்தது என்று ஓரிரண்டு நாள் ஓடும், அதோடு அடங்கிவிடும். ஆனால் அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. விநியோகச் சட்ட மசோதா என்ற பெயரில் அந்தப் பணம் நாடாளுமன்றத்தில் வாரக்கணக்கில் விவாதிக்கப்படும். முதலில் பொதுக் கொள்கை, பிறகு குழு நிலையில் ஒவ்வோர் அமைச்சாக எடுத்து அலசுவார்கள். நம் உறுப்பினர் எழுந்து நின்று "என் தொகுதிக்கு இது எங்கே?" என்று கேட்கக்கூடிய இடம் அது. அந்த நாள்களில் அவரிடம் எதைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உதவி மருத்துவ அதிகாரி. நம் ஆட்கள் எம்.ஏ. என்பார்கள். 999க்கு அழைப்பு வந்தால் ஆம்புலன்ஸில் ஏறிப் போகிறவர்களில் ஒருவன். இத்தனை வருட வேலையில் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்த ஒன்று உண்டு: தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) போகிற சாலையைச் செப்பனிடும் பணமும் அவசரச் சேவைக்கான பணம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் சுகாதார அமைச்சின் நாளில் பேசப்படுகிறது, சாலை பொதுப்பணி அமைச்சின் நாளில் பேசப்படுகிறது, கிராமச் சாலை ஊரக வளர்ச்சி அமைச்சின் நாளில் பேசப்படுகிறது. நோயாளிக்கு இவை மூன்றும் ஒரே பயணம்.

ஆம்புலன்ஸின் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். தார்ச் சாலையில் ஓடும்போது நெஞ்சு வலிக்காரருக்கு இசிஜி ஒட்டினால் திரையில் கோடு ஓரளவு தெளிவாக வரும். செம்மண் சாலையில் இறங்கியதும் அந்தக் கோடு முழுக்கக் கிறுக்கலாகிவிடும். அது இதயத்தின் துடிப்பா, வண்டியின் குலுக்கலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வண்டியை நிறுத்தச் சொல்லித்தான் படிக்க வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் அப்படித்தான், அது துடிப்பை ஆராயும்போது வண்டி அசையக்கூடாது. நெஞ்சை அழுத்துகிறவர் ஒரு காலை ஸ்ட்ரெச்சர் சட்டத்தில் முட்டுக்கொடுத்து நின்று, குழி வரும்போதெல்லாம் கை நழுவ, மறுபடி இடம் பிடித்து அழுத்துவார். தொடை எலும்பு முறிந்தவரை ஏற்றியிருந்தால் ஓட்டுநர் நடை வேகத்துக்கு இறங்கிவிடுவார், வேறு வழியே இல்லை, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த மனிதர் அலறுவது முன்சீட்டு வரை கேட்கும்.

இதயம் நின்றவருக்கு உடனே யாரும் நெஞ்சை அழுத்தாமல், மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போனால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். பக்கவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். எனக்கு ஒரு குழி என்பது இந்தக் கணக்கிலிருந்து கழியும் நிமிடம்.

சரி, அந்தச் சாலை யாருடையது? கேட்டால் பலருக்குத் தெரியாது, ஆனால் பணம் வருவதும் வராமல் போவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. தைப்பிங், பாரிட் புந்தார் வழியாக வந்து நிபோங் திபால், சுங்கை பாக்காப்பைத் தாண்டிப் பட்டர்வொர்த் போகும் முதலாம் எண் சாலை கூட்டரசுச் சாலை. அதன் செலவு மத்திய அரசாங்கத்துடையது. அதிலிருந்து பிரியும் பல சாலைகள் மாநிலச் சாலைகள். இவற்றைப் பராமரிக்க மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவு சொல்கிறது. எவ்வளவு என்பதற்கான கணக்கு பத்தாவது அட்டவணையில் இருக்கிறது: ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, மானியத்துக்குத் தகுதி பெற்ற மாநிலச் சாலைகளின் மொத்த மைலால் பெருக்க வேண்டும். தகுதி பெற்ற சாலைகளின் பதிவேட்டைத்தான் மாரிஸ் என்கிறார்கள். பதிவேட்டில் சாலை இருந்தால் பணம் வரும். இல்லையென்றால், அதில் தினமும் ஆயிரம் பேர் போனாலும் அந்தக் கணக்குக்கு அப்படி ஒரு சாலையே கிடையாது.

நம் மக்களை இது நேராகப் பாதிக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும் சாலை தனியார் நிலம். மாரிஸில் வராது, மாநகர் மன்றம் தார் போடாது, கிராம மேம்பாட்டுப் பணமும் கம்பத்துக்குப் போவதுபோல் உள்ளே வராது. தோட்ட நிர்வாகம் நல்ல நிர்வாகமாக இருந்தால் மழைக்கு அப்புறம் கல் கொட்டி உருளை ஓட்டுவார்கள். இல்லையென்றால் செம்பனைக் குலை லோரி போனால் போதும் என்று விட்டுவிடுவார்கள், லோரியின் டயருக்கு அந்தப் பள்ளம் ஒன்றும் பெரிதில்லை. முன்பு தோட்டத்திலேயே மருந்தகம் இருந்தது, டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார், இராத்திரியில் கதவைத் தட்டினால் வருவார். இப்போது பல இடங்களில் அதுவும் இல்லை, இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், லயத்தில் மீதி இருப்பது பெரும்பாலும் வயதானவர்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பவர்கள். ஆம்புலன்ஸ் யாருக்கு அதிகம் தேவைப்படுமோ அவர்கள்தான் மிக மோசமான சாலையின் கடைசியில் இருக்கிறார்கள்.

தீவுப் பக்கம் நிலைமை வேறு மாதிரி. பாலிக் புலாவில் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அது சிறியது, கடுமையான நோயாளியை மலையைத் தாண்டி ஜார்ஜ்டவுனில் இருக்கும் பினாங்கு பொது மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் பெருமழையில் தீவில் பல இடங்களில் மண் சரிந்ததும் மரங்கள் சாய்ந்ததும் நினைவிருக்கும். மலைச் சாலை அடைபட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அந்தச் சுற்றுக்கான நேரத்தை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது. மலைச்சரிவைப் பரிசோதிப்பதும், நீர் போகும் வாய்க்காலைத் தூர் வாருவதும், சாயப்போகும் மரத்தை முன்கூட்டியே வெட்டுவதும் பராமரிப்புச் செலவில் வருபவை. திறப்பு விழா எதுவும் இவற்றுக்கு நடக்காது.

பட்ஜெட்டில் இரண்டு பைகள் இருக்கின்றன, ஒன்று நிர்வாகச் செலவு, மற்றொன்று மேம்பாட்டுச் செலவு. புதுக் கட்டடம், புதுச் சாலை எல்லாம் மேம்பாட்டில் வரும், செய்தியிலும் வரும், சாவி கொடுக்கும் படமும் வரும். ஆனால் ஓர் ஆம்புலன்ஸை 24 மணி நேரமும் ஓட்ட எத்தனை ஓட்டுநர்கள், பின்னால் ஏற எத்தனை பேர், டயர் தேய்ந்தால் யார் கணக்கில், இவையெல்லாம் நிர்வாகச் செலவு. 2026ஆம் ஆண்டுக்குச் சுகாதார அமைச்சுக்கு 4,650 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டியும் எண்ணிக்கையில் ஒரு வண்டியாகத்தான் தெரியும். "என் மாவட்டத்தில் இராத்திரி இரண்டு மணிக்கு ஆளோடு கிளம்பத் தயாராக எத்தனை ஆம்புலன்ஸ் இருக்கிறது?" என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் வெளியே வரும்.

அரசாங்கத் தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. மக்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு வண்டியை வைத்தால் அதிகம் பேருக்குப் பயன்படும், பத்து வீடு இருக்கும் இடத்துக்கு அதே செலவு செய்வது எப்படி என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் ஆம்புலன்ஸ் யாரும் கேட்கவில்லை. வண்டி தூரத்தில்தான் இருக்கும் என்றால், அது வந்து சேரும் பாதையாவது ஒழுங்காக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக்கூடக் கொடுக்காமல் விடுவதற்குப் பெயர் சிக்கனமில்லை.

2025 ஜூன் 9 அதிகாலையில் கெரிக் பக்கம், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் போன பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் இறந்துபோனார்கள். காடும் மலையுமான சாலை, நள்ளிரவு தாண்டிய நேரம். அப்புறம் நாட்டில் நடந்த பேச்சில் வேகம் வந்தது, இருக்கைப் பட்டை வந்தது, ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பயணிகள் பட்டை போட வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்தது. நல்ல விதி, நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். அதே அளவு சத்தத்தோடு, அந்த மாதிரிச் சாலையில் விபத்து நடந்தால் முதல் உதவிக் குழு எங்கிருந்து கிளம்பும், எவ்வளவு நேரமாகும் என்ற கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். சாலை விபத்தில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிற நாடு நம்முடையது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காருக்குக் குலுக்கலாகத் தெரியும் குழி, மழை இரவில் மோட்டார் சைக்கிள்காரருக்கு உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் தண்ணீர் நிரம்பிய குழியின் ஆழம் வெளிச்சத்தில்கூடத் தெரியாது.

குழி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சாலைப் பராமரிப்பில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ஓரத்து லோங்காங், அதாவது வடிகால், அடைத்திருந்தால் தண்ணீர் சாலைக்கு அடியில் போய் அடித்தளத்தை இளக்கிவிடும், மேலே எத்தனை தடவை தார் கொட்டினாலும் நிற்காது என்றார். முறையாக அடைப்பதென்றால் குழியின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தை நீக்கி, ஒட்டும் தார் பூசி, சூடான கலவை போட்டு இயந்திரத்தால் அழுத்த வேண்டுமாம். மூட்டையில் வரும் குளிர்க் கலவையைத் தண்ணீர் நிற்கும் குழியில் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழை வரைதான். பாரத்தைப் பற்றியும் சொன்னார்: ஓர் அச்சின் மேல் விழும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு, 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஆரம்பித்த பெரிய சாலைச் சோதனையில் கிடைத்த கணக்கு அது. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் உயிரைப் பறித்த விபத்தில், மோதிய லோரி அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியிருந்தது விசாரணையில் தெரிந்தது. அப்படிப்பட்ட லோரி விபத்து எதுவும் செய்யாமல் போனாலும் சாலையை உடைத்துவிட்டுத்தான் போகிறது. எடை நிலையங்களுக்கும் அமலாக்கத்துக்கும் ஒதுக்கும் பணத்தையும் அதனால் இதே விவாதத்தில் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் சாலை கூட்டரசா, மாநிலமா, தனியாரா, முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். நில அலுவலகத்திலோ மாநகர் மன்றத்திலோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலோ கேட்கலாம். கூட்டரசுச் சாலையில் குழி என்றால் மைஜாலான் செயலியில் படத்தோடு போடுங்கள், 24 மணி நேரத்தில் குழியை அடைப்பது பொதுப்பணித் துறை தனக்கு வைத்திருக்கும் இலக்கு. மாநிலச் சாலை என்றால் "இது மாரிஸ் பதிவில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது சேர்ப்பீர்கள்?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தோட்டச் சாலை என்றால் மாநில அரசாங்கத்திடமும் நிர்வாகத்திடமும் சேர்த்தே போக வேண்டும், மக்கள் வசிக்கும் பகுதி வரையாவது நிலத்தை ஒப்படைத்துப் பொதுச் சாலையாக்க முடியுமா என்று. சுலபமில்லை, நீண்ட காலம் எடுக்கும், ஆனால் நிரந்தரத் தீர்வு அதுதான். உங்கள் உறுப்பினர் உண்மையில் பேசினாரா என்று சரிபார்க்கவும் வழி இருக்கிறது, நாடாளுமன்ற விவாதக் குறிப்பான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

சாலை சரியாகும் வரை எங்களுக்கு நீங்கள் செய்யும் உதவி ஒன்று இருக்கிறது. 999க்கு அழைக்கும்போது "கோயில் பக்கத்துல, பழைய ரப்பர் ஸ்டோர் தாண்டி" என்று சொன்னால் அழைப்பை எடுக்கிறவருக்குப் புரியாது. தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், பெரிய சாலையிலிருந்து எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், இந்த மூன்றையும் மலாயில் ஒரு தாளில் எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், பாட்டி தனியாக இருந்தாலும் வாசித்துச் சொல்லட்டும். கைத்தொலைபேசியில் உங்கள் இருப்பிடத்தை அனுப்பத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கட்டும். ஒருவர் மோட்டாரில் போய்ச் சந்திப்பில் விளக்கோடு நின்றால் நாங்கள் தேடித் திரிய வேண்டியதில்லை.

அப்புறம் அந்தத் தடுப்புக் கம்பம். குலைத் திருட்டுக்குப் பயந்து இராத்திரியில் பல தோட்டங்களில் நுழைவாயிலைப் பூட்டிவிடுகிறார்கள், காவலாளியான ஜாகா சுற்றுக்குப் போயிருந்தால் சைரனைப் போட்டுக்கொண்டு வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு தடவை பூட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பையன் "அண்ணே, சாவி மண்டோர் வீட்டுல இருக்கு, இதோ ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்" என்று மேற்பார்வையாளரான மண்டோரின் வீட்டுக்கு இருட்டில் ஓடினான். பையன் வேகமாகத்தான் ஓடினான், ஆனால் அவன் ஓட வேண்டியிருந்திருக்கக்கூடாது. இரண்டாவது சாவி ஒன்றை நுழைவாயிலுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். இதற்கு மட்டும் எந்த மன்றத்திலும் பணம் ஒதுக்க வேண்டியதில்லை, இந்த வாரமே செய்துவிடலாம்.