இட்டரேஷன் நின்றால் விடை வந்துவிட்டதா?

கொழிஞ்சாம்பாறை பக்கம் கிணற்றுக் குழாயின் அடியில் ஃபுட் வால்வு மாட்டுவார்களே, அதில் ஒன்று, தண்ணீர் மேலே ஏறும்; இல்லாவிட்டால் வால்வு மூடிக்கொண்டு அழுத்தத்தைத் தாங்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடும் அப்படித்தான். இந்த மாதிரி ஒருவழிச் சமாச்சாரங்களைக் கணக்காக்கினால், அணியால் பெருக்கிய எக்ஸில் இருந்து எக்ஸின் மட்டு மதிப்பை (குறியை விட்டுவிட்ட அளவு, |எக்ஸ்|) கழிக்கிற சமன்பாட்டில் கொண்டுபோய் விடலாம். பாலக்காட்டில் என்னிடம் புராஜெக்ட் எடுத்து வரும் பிள்ளைகள் பலர் இதற்கு நியூட்டன் முறையை (இப்போதைய எக்ஸின் குறியை வைத்து மட்டுக் குறியை நீக்கி, கிடைக்கும் எளிய சமன்பாட்டைத் தீர்த்து, வந்த எக்ஸை வைத்துத் திரும்பவும் அதையே செய்வது) எழுதி ஓட்டி, லூப் நின்றதும் கடைசியாக வந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் போட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு மாறியில் பாருங்கள். 0.5 எக்ஸ் − |எக்ஸ்| = −1. இதற்கு 2, −2/3 என்று இரண்டு விடை. நியூட்டனை நேர் எண்ணில் தொடங்கினால் 2 வரும், எதிர் எண்ணில் தொடங்கினால் −2/3 வரும். இரண்டு தடவையும் சமர்த்தாக நின்றுவிடும், இன்னொரு விடை இருக்கிறது என்று மூச்சே விடாது. பிக்கார்ட் முறையோ (பழைய எக்ஸின் மட்டு மதிப்பை வலப்பக்கத்தோடு கூட்டி, அதிலிருந்து புது எக்ஸைக் கண்டுபிடிப்பது) 0-வில் தொடங்கினால் −2, அப்புறம் 2 என்று போய் நிற்கும். அதையே 2.1-இல் தொடங்கினால் 2.2, 2.4, 2.8 என்று ஓடியே போய்விடும்.

வலப்பக்கத்தை +1 ஆக்குங்கள். இப்போது விடையே கிடையாது. ஆனாலும் நியூட்டன் −2, 2/3, −2, 2/3 என்று குதித்துக்கொண்டே இருக்கும், நூறு சுற்று முடிந்ததும் புரோகிராம் அதில் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்துவிடும்! −2-ஐத் திருப்பிப் போட்டால் −3 வருகிறது, வரவேண்டியது 1. இந்த ஒரு வரிச் சோதனையைக்கூட யாரும் எழுதுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி? அணியின் சிங்குலர் வேல்யூக்கள் (அணி எத்தனை மடங்கு நீட்டுகிறது அல்லது சுருக்குகிறது என்று சொல்லும் எண்கள்; ஒரே மாறி என்றால் எக்ஸைப் பெருக்கும் எண்ணின் அளவுதான்) எல்லாமே 1-க்கு மேல் இருந்தால், வலப்பக்கம் எதுவானாலும் விடை ஒன்றே ஒன்றுதான். மங்கசாரியன், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் நிறுவியது இது. அப்போது பிக்கார்டும் எங்கே தொடங்கினாலும் அந்த விடைக்கே போகும். மேலே 0.5 இருந்த இடத்தில் 2 வைத்து வலப்பக்கம் 3 என்றால், 0-வில் தொடங்கி 1.5, 2.25, 2.625 என்று 3-ஐ நெருங்குவதைக் கையிலேயே போட்டுப் பார்க்கலாம்.

அந்த நிபந்தனை பொருந்தாவிட்டால் வேலை கூடுதல்தான். 20 மாறி என்றால், ஒவ்வொன்றும் நேரா எதிரா என்று பார்த்தால் 10,48,576 விதமான குறிகள், எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. வெவ்வேறு குறிகளில் தொடங்கி ஓட்டுங்கள், ஒவ்வொரு விடையையும் சமன்பாட்டில் திருப்பிப் போட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள், வேறு வேறு விடை வந்தால் எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் போட்டுவிடுங்கள்.